காலியாக இருந்த இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஓர் இளைஞர் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். அவ்வளவுதான், மீன் வாங்கியாயிற்று. மூலக்குளத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் இப்போது எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். நான்தான் கடைசியாக வழிக்கு வந்தவன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். வஞ்சிரம். எல்லாத் துண்டும் ஒரே கனம், ஒரே வட்டம். தலையும் இல்லை, வாலும் இல்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் முகர்ந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"மீனு நாறலன்னு கவலப்படற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீங்கதான். குடுங்க இப்படி."

கொடுத்துவிட்டேன். வாசனை வந்தால் பழைய ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு அது வராததால் வந்தது. முத்தாலு அக்கா ஞாபகம். அன்று மதியம் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாவி எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, மூட்டைப்பூச்சி என்று புகார் வந்தால் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஊதுவத்தி விற்க வந்தவர்கள், இவர்கள்தான் தங்குவார்கள். கடலைப் பார்க்கவென்று யாரும் வந்து தங்கியதாக நினைவில்லை.

என் வேலைகளில் ஒன்று, காலையில் முதலாளி வீட்டுக்கு மீன் வாங்குவது. நானோ வில்லியனூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் மீன் என்றால் ஏரி வற்றும்போது கிடைக்கிற கெண்டை. கடல்மீனில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. முதல் நாள் ஒரு கூடையைக் காட்டி, "இது பேரு இன்னாக்கா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் பேரு வெக்கல தம்பி. நல்லதா ஒண்ணு வெச்சிட்டுப் போ."

மீன்காரிகள் வரிசை முழுக்கச் சிரித்தது. அவர்தான் முத்தாலு. எங்கே வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், அன்றிலிருந்து என்னை "லாட்ஜு" என்றுதான் கூப்பிட்டார். அந்த லாட்ஜே இடிபட்டு, நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வேலை மாறி, தலை நரைத்த பிறகும் நான் லாட்ஜுதான். என் பெயரை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. கொண்டையில் எப்போதும் கனகாம்பரம். புருசனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே மகன், ஏழுமலை. விடிவதற்குள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மற்ற பெண்களோடு ஒரு டெம்போவில் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருவார். மார்க்கெட்டில் அவருடைய இடம் என்பது, ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகையும் பக்கத்தில் ஓர் அரிவாள்மனையும் வைத்தால் தீர்ந்துபோகிற சிமெண்ட் தரை. மாமியார் உட்கார்ந்த இடம் மருமகளுக்கு வந்தது. அதற்குப் பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. வரிசையில் யாருக்குமே கிடையாது.

பக்கத்து இடம் தனபாக்கியத்துக்கு. இருவருக்கும் தினம் ஒரு சண்டை. மீன் கழுவிய தண்ணீர் யார் பக்கத்திலிருந்து யார் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம். அந்தத் தரை எந்தப் பக்கமும் சரிவாக இல்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் போகும், அதனால் சண்டைக்கும் முடிவே இல்லை. நான் ஒரு தடவை சமாதானம் செய்யப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு மழை நாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் லாட்ஜுக்கு வாங்கிய சோப்பு மூட்டை, கக்கத்தில் மீன் பை. பார்த்தால் தனபாக்கியத்தின் இடம் காலி. நன்றாகக் கழுவிவிட்டு, நடுவில் ஒரு கூடையை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. நல்லதாயிற்று என்று சோப்பு மூட்டையை அங்கே இறக்கி, ஈரத்தில் நனையாமலிருக்க ஒரு காலையும் எடுத்து மேலே வைத்தேன்.

"அய்யய்யோ! எடு! கால எடுடா!"

முத்தாலு அக்கா மட்டுமில்லை, வரிசையே எழுந்துவிட்டது. பாதி பேர் கையில் மீன் வெட்டும் கத்தி. குடை என் கையிலிருந்து விழுந்தது. வாங்க வந்தவர்கள் என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்திருப்பார்கள்.

"காலியாத்தானக்கா இருந்துச்சு..."

"காலியா? அவ புருசன் செத்து மூணு நாளாவுது. அது காலி இல்ல, அது அவ எடம்!"

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரிந்தது. மீன் வரிசையில் ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால், அவள் இடத்தைப் பக்கத்துக்காரி கழுவி, அவளுடைய கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை யாரும் அதில் உட்காரக் கூடாது. எவ்வளவு நெருக்கடியானாலும் ஒரு மீன் தலையைக்கூட அந்தப் பக்கம் தள்ளி வைக்கக் கூடாது. உட்கார்ந்தால் அந்த வீட்டுச் சாவு உட்கார்ந்தவள் வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். விற்றவளே செத்துப்போனாலும் அப்படித்தான், பதினாறு நாள் இடம் அவளுக்காகவே கிடக்கும். பிறகுதான் மருமகளோ மகளோ வந்து உட்காருவாள்.

காரியம் முடித்து தனபாக்கியம் திரும்பி வந்த அன்று முத்தாலு எனக்கு மீன் தர மறுத்துவிட்டார். "மொதல்ல போயி அவகிட்ட போணி பண்ணு. அப்புறமா இங்க வா." வரிசையில் யாருமே அதுவரை ஒரு மீனும் விற்கவில்லை. வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்த தனபாக்கியத்திடம் கொஞ்சம் நெத்திலி வாங்கினேன். எடை போட்ட பிறகும் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். அன்றைக்கு இருவருக்கும் சண்டை இல்லை. மறுநாள் தண்ணீர் பழையபடி ஓடியது, சண்டையும் வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சண்டை என்றதும் சொல்தா ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒரு சொல்தா, இஸ்திரி போட்ட கால்சட்டையும் பிரம்புப் பையுமாகத் தினமும் வருவார். "போன்ழூர், முத்தாலு!" என்று தொப்பியைத் தூக்குவார். "பொஞ்சூரு, பொஞ்சூரு. தொப்பியத் தூக்குனா மீனு சல்லிசா வருமா? வெலயச் சொல்லு" என்பார் முத்தாலு. நாள் தவறாமல் பேரம், நாள் தவறாமல் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருவது. கடைசியில் ஒரு சங்கராவை வாங்கிக்கொண்டு நன்றிக்கு "மெர்சி" சொல்லிவிட்டுப் போவார். அவருக்குப் பிறகு பிள்ளைகள் பாரீசிலிருந்து வந்து வீட்டை விற்றார்கள். வாங்கியவர் சுவருக்கு மஞ்சள் அடித்து, வாசலில் காகிதப்பூக்கொடி ஏற்றி, உள்ளே மது விடுதியோடு ஓர் உணவகம் வைத்தார். வாரக் கடைசியில் அந்த மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள வெளியூர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சொல்தா அந்தச் சுவரில் கோவணம் காயப்போட்டதைப் பார்த்தவன் நான். சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏழுமலைக்கு வேலை கிடைத்தது அந்த உணவகத்தில்தான். அதற்குமுன் கொஞ்ச காலம் படகில் போய்க்கொண்டிருந்தான். அம்மாதான் விடாமல் நச்சரித்துக் கரைக்கு இழுத்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் தட்டு. முத்தாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சட்டையைத் தன் புடவைகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டார்.

"எம்புள்ள மேல மீனு நாத்தம் அடிக்காது லாட்ஜு. கிட்ட வந்தா சென்ட்டு வாசன."

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஏழுமலையின் வண்டிமேல் ஒரு கார் ஏறியது. வெளியூர்க் கார், உள்ளே இருந்தவர்கள் குடித்திருந்தார்கள். ஓட்டியது யார் என்பதுகூடக் கடைசிவரை தெளிவாகவில்லை. ஏழுமலை அங்கேயே போய்விட்டான். அவன் மனைவியும் ஒரு சின்னப் பெண் குழந்தையும் நின்றார்கள். நான் போனபோது முத்தாலு அழவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"கடலு முழுங்கிடும்னு பயந்தேன் லாட்ஜு. நாந்தான இழுத்தாந்து ரோட்டுல உட்டேன்."

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்க்கெட்டில் அவர் இடத்தைத் தனபாக்கியம் கழுவிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். காரியத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு காலை நான் மீன் வாங்கிக்கொண்டிருக்கையில் நகராட்சியிலிருந்து நான்கைந்து பேர் அளக்கும் டேப்போடு வந்தார்கள். மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு இருந்தது. யார் யாருக்கு எந்த இடம் என்று அளந்து, ஆளை அந்த இடத்திலேயே உட்காரவைத்துப் படம் எடுத்து, பின்சுவரில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதினார்கள். முத்தாலுவின் இடத்துக்கு வந்ததும் நின்றார்கள்.

"இது யாருது?"

"முத்தாலு எடம் சார். புள்ள செத்துட்டான். சாவு வீடு" என்றார் தனபாக்கியம்.

"ஆளு இருந்தாத்தாம்மா நம்பர். படம் எடுக்கணும்." அளக்க வந்தவரும் நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க வூட்டுப் பொம்பள மாதிரி யாராச்சும் ஒருத்தர் ஒக்காருங்க. அஞ்சு நிமிசம். நான் எழுதிட்டுப் போயிடறேன்" என்றார்.

வரிசையில் ஒருவரும் அசையவில்லை. ஒருத்தி தன் பேரப்பிள்ளைகளை நினைத்திருப்பாள், இன்னொருத்தி கடலுக்குப் போயிருந்த புருசனை. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒக்காந்துக்கறேன் சார், யாரா இருந்தா இன்னா?" என்று முன்னால் போனேன். வரிசை மறுபடி என்மேல் பாய்ந்தது. தனபாக்கியம் குறுக்கே கை நீட்டினார். "அன்னிக்கே கால வெச்சவன்தான நீ? தூரப் போ!" அளக்க வந்தவர் என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "நீங்க மீன் விக்கறவங்க இல்லயே சார்" என்றார்.

முத்தாலு வீட்டுக்கு போன் போட்டோம். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். தனபாக்கியம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது.

"பதினாறு முடியாம எப்படிடி வாசப்படி தாண்டுவேன்? என் எடம் எங்க போயிடப் போவுது? நீ இருக்கற இல்ல?"

"நான் இருக்கறேன். நீ வராத" என்றார் தனபாக்கியம்.

அளக்க வந்தவர்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். காரியம் முடியட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். தாங்கள் மதிக்கிற ஒன்றை ஊரும் மதிக்கும் என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள்.

திரும்பி வந்த அன்று முத்தாலுவுக்குத்தான் முதல் போணி, வரிசையே காத்திருந்தது. வாங்கியவன் நான். பையைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஓர் எண், இந்தப் பக்கம் அதற்கடுத்த எண், நடுவில் வெறும் சுண்ணாம்புச் சுவர். "எனக்கு எழுதல?" என்று கேட்டார். தனபாக்கியம் தன் பலகையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். பிறகு நகராட்சி அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை போய்க் கேட்டுப் பார்த்தார், நானும் ஓரிரு தடவை கூடப் போனேன். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். பார்க்கலாம் என்றார்கள்.

கொஞ்ச காலத்தில் எண் இருந்தவர்களை எல்லாம் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பழைய இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்தாயிற்று. கொட்டகையில் தனபாக்கியமும் மறுபக்கத்துக்காரியும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து முத்தாலுவை நடுவில் உட்காரவைத்தார்கள். அப்புறம் இடத்துக்கு இடம் இரும்புக் குழாய் நட்டுத் தடுத்துவிட்டார்கள். குழாய்க்கு நடுவில் யாரும் நகர முடியாது.

முத்தாலு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டார். பேருந்தில் ஏற்றமாட்டார்கள், ஷேர் ஆட்டோவில் முகம் சுளிப்பார்கள். பாதி தூரம் நடந்தே மூலக்குளம் வருவார். எங்கள் அடுக்ககத்து வாசலில் "லாட்ஜூ!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். சில மாதம் நடந்தது. பிறகு எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒருவர், வாசலில் மீன் தண்ணீர் சொட்டுவதைப் படம் எடுத்துப் போட்டார். வாசலில் மீன் விற்பதை நிறுத்தலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். எதிர்த்துப் போட்டது நான் ஒருவன். அதிலிருந்து எனக்கு "மீன் சார்" என்று பெயர். லாட்ஜிலிருந்து மீனுக்குப் பதவி உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலாளி முத்தாலுவைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். அவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

கடைசியாகப் பார்த்தது தேங்காய்த்திட்டில். இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கொண்டையில் பூ இல்லை, தலைக்குப் பிளாஸ்டிக் உறை.

"எனுக்கு ஒரு எடம் இருந்துச்சுல்ல லாட்ஜு? நீ பாத்திருக்கற இல்ல?"

"பாத்திருக்கேன்க்கா. எத்தன வருசம்."

"பேத்திகிட்ட சொன்னா சிரிக்கிறா. மார்க்கெட்டுல உனுக்கு ஏது எடம்ங்கறா. நீ ஒரு நாளு வந்து சொல்லு."

வருகிறேன் என்றேன். அடுத்த வாரமே செய்தி வந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் போனேன். பேத்தியிடமும் சொன்னேன். அந்தப் பெண் அழுதுகொண்டே தலையாட்டியது. ஆனால் கேட்க வேண்டியவர் அங்கே கிடத்தப்பட்டிருந்தார்.

மறுநாள் காலை மார்க்கெட்டுத் தகரக் கொட்டகைக்குப் போனால் தனபாக்கியத்தின் பலகை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அவரே குழாயோடு ஒட்டி, காலை மடக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதி கழுவி விட்டு, அதில் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. முத்தாலுவின் கூடை.

"மொதல்ல பழைய எடத்துக்குத்தான் எடுத்துட்டுப் போனேன் தம்பி. தகரத்துக்கு வெளியிலகூட வெக்க உடல, எடு எடுன்னு வாட்ச்மேன் தொரத்திட்டான். எங்கதான் கவுக்கறது? என் எடத்துல பாதி அவளுக்கு. பதினாறு நாளு நான் சமாளிச்சிக்குவேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். கவிழ்த்த கூடையின் மேல் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். முன்னால் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம், கொத்தமல்லி, பொட்டலம் கட்டிய மீன் மசாலா. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, தப்பாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தானாகவே சொன்னார்.

"காலியாத்தான் சார் இருந்துச்சு."

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு விழுந்த அந்தச் சத்தத்துக்காக, கத்தியும் கையுமாக எழுந்திருக்கப்போகிறவர்களுக்காகக் காத்து நின்றேன். பாதி பேர் எனக்குத் தெரியாத முகங்கள். தெரிந்த முகங்கள் குனிந்துகொண்டன. தனபாக்கியம் தலை நிமிராமல் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாதாக்கா?"

"இது முத்தாலு எடம்னு சொன்னேன் தம்பி, என் எடம்னு சொல்ல வாய் வரல. 'அப்படின்னா அவங்க நம்பரு எது'ன்னு கேக்கறான்."

அதற்குப் பிறகு நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.